நான்காவது முறையும் போக முடிகிற இடம்: வேலூர்ப் பக்கத்தில் மனச்சோர்வுக்கு எங்கே காட்டுவது?

என் அக்கா குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது, எத்தனை கூட்டம் நெரித்தாலும் உள்ளே புகுந்துபோய்த் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். இரண்டாவது பெண் பிறந்து மூன்று மாதமாகியிருந்த அந்த வருடம், மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்த பிறகும் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. "பச்சை உடம்பு, களைப்பாக இருக்கும்" என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மாமா வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் ஒரு மனநல மருத்துவரின் முன்னால் போய் உட்கார ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ், சத்து ஊசி, ஓர் ஈ.சி.ஜி., குறி சொல்கிறவரிடம் எலுமிச்சம்பழம், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை என்று எல்லாம் நடந்து முடிந்தன. கடைசியில் வேலூரில் காட்டினோம். ஐந்து வாரத்தில் முகம் தெளிந்தது. சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினோம். பங்குனி வெயில் ஏறுவதற்குள் பழையபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இதை எழுத வைத்தது அந்த இரண்டாவது சறுக்கல். எங்கே போவது என்று அலைந்த நாட்களில் நாங்கள் எல்லோரிடமும் "பெரிய டாக்டர் யார், நல்ல ஆஸ்பத்திரி எது?" என்றே கேட்டோம். மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் இது என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேள்வியை மாற்றிக் கேட்டிருப்போம்: தறி வேலையையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு நான்காவது முறையும் அங்கே போக முடியுமா? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த இந்தப் பழைய வட ஆற்காட்டுச் சீமையில் இருக்கிற வழிகளை அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

நோய் எது, அசதி எது

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. பரீட்சை பயத்துக்கும், கடன் தொல்லைக்கும், இந்த நோய்க்கும் சேர்த்து "மன அழுத்தம்" என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். அதனால்தான் "யாருக்கு இல்லை அழுத்தம்?" என்று எளிதாகத் தள்ளிவிட முடிகிறது. நான் மனச்சோர்வு என்றே எழுதுகிறேன். நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு விட்டுப்போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏறக்குறைய தினமும் இருக்கும். கூடவே தூக்கம் கெடும், பசி போகும் அல்லது அளவு மீறும், உடம்பில் தெம்பிருக்காது, கவனம் நிற்காது, நடையும் பேச்சும் மந்தமாகும் அல்லது இருப்புக்கொள்ளாத பதற்றம் வரும், "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் குடையும், சாவைப் பற்றிய நினைப்பு வரும். இவற்றில் மொத்தம் ஐந்தாவது சேர்ந்து அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால் அதை நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஆனால் நம் ஊரில் யாரும் டாக்டரிடம் போய் மனம் சோர்ந்திருக்கிறது என்று சொல்வதில்லை. தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் குடைச்சல், வயிற்றெரிச்சல் என்றே சொல்கிறோம். அக்கா சொன்னதும் "மண்டைக்குள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது" என்றுதான். ஆண்களிடம் இது சிடுசிடுப்பாகவும் குடியாகவும் வெளியே வரும். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் தொழிற்சாலையில் வேலை முடிந்து நேராக மதுக்கடைக்குப் போகிறவரைக் குடிகாரர் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். குடிக்கு முன்னால் அவருக்குத் தூக்கம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

பெண்களைப் பற்றி நம் மண்ணிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வேலூரை அடுத்த கிராமப்புறத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து, 2002-இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். என்னென்ன சூழ்நிலைகளில் ஆபத்து கூடுகிறது என்றும் அதில் சொல்லியிருந்தார்கள்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றவர்களுடனோ மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கூடமாட உதவ ஆள் இல்லாதது. இதைப் படித்தபோது என் அக்கா வீட்டுக்குள் யாரோ வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனதைப் போல் இருந்தது. "இதுவும் பெண்ணா" என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும்படி இருந்தார்கள்.

தேசிய அளவில் 2015-16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பின்படி, இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சைக்கே போய்ச் சேர்வதில்லை. ஏழு மாதம் கழித்தாவது போய்ச் சேர்ந்த அக்காவை, அந்தக் கணக்கில் அதிர்ஷ்டக்காரி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒப்பிட நேரமில்லாத நிலை

"நான் இல்லாவிட்டால் குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் அல்லவா?" என்று அக்கா ஒருநாள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா அதட்டி வாயை மூட வைத்துவிட்டார்கள். அதட்டியிருக்கக் கூடாது. இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் கீழே நான் எழுதியிருக்கும் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே, பக்கத்தில் எந்த மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக விடாதீர்கள். விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்தை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த நினைப்பைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. பெரும்பாலும் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு மூச்சு விட முடிகிறது.

போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து விஷயத்தை மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மனஉளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிலை.

தெரு டாக்டரா, தூக்க மாத்திரையா, கோயிலா

நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் முதலில் போனதைத் தவறு என்று சொல்லமாட்டேன். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே போன்ற அசதியைக் கொண்டுவரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்துவிடலாம். மனச்சோர்வைக் கண்டுபிடித்து மருந்தைத் தொடங்கும் பொதுமருத்துவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் தெருவிலேயே இருந்தால், லேசான, நடுத்தரமான நிலைக்கு அவரே போதும். நான்காவது முறை போவதற்கு அதைவிட எளிய இடம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் குளுக்கோஸ் ஏற்றி, சத்து ஊசி போட்டு, "ஒன்றுமில்லை, தைரியமாக இரு" என்று அனுப்பினால், மூன்றாவது தடவை அங்கே போகாதீர்கள்.

தூக்க மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை படபடப்பைச் சில மணி நேரம் அடக்கும். மனச்சோர்வு என்ற நோயை அவை தொடுவதில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், பிறகு விடுவது பெரும்பாடு. மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டில்லாமல் இதைக் கேட்டு வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே பல மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

குறி கேட்பது, மந்திரிப்பது, தர்காவில் ஓதுவது, ஜெபக்கூட்டம் எல்லாம் இந்தப் பக்கத்தில் எல்லா மதத்தாருக்கும் பழக்கம்தான். வேண்டுதல் மனத்துக்குத் தரும் பிடிமானத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அம்மா ரத்தினகிரியில் படியேறி வேண்டிக்கொண்டார்கள், அது அம்மாவைத் தாங்கிப் பிடித்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: வேண்டுதல் இருக்கட்டும், கூடவே மருத்துவமும் நடக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்கிற இடத்தையும், கட்டிப்போடுகிற, அடிக்கிற இடத்தையும் விட்டு ஓடிவந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்களும் குணமாக வேண்டும் என்று நம்பித்தான் விட்டுவந்தன.

பாகாயமா, அடுக்கம்பாறையா, தாலுகா ஆஸ்பத்திரியா

வேலூர்க்காரர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்று கேலி செய்வதைப் போல, நான் சிறுவனாக இருந்தபோது இங்கே "பாகாயம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புதான் பின்னால் அக்காவை அழைத்துப் போக வேண்டிய நாளில் எங்கள் காலைக் கட்டியது. உண்மையில் பாகாயத்திலுள்ள சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் நாம் பெருமைப்பட வேண்டிய இடம். உலகின் பல நாடுகளில் மனநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டிவைத்துக்கொண்டிருந்த 1950-களிலேயே, டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கோல்ஸ் காலத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை இங்கே கொண்டுவந்தார்கள். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள் என்பது இதன் பெரிய பலம். முன்பு வேறு இடத்தில் கொடுத்த மருந்து பலிக்காதவர்கள், நோய் என்னவென்று தெளிவாகாதவர்கள், படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் முதலில் இங்கே போவதே நல்லது. காட்பாடியில் இறங்கினால் 1, 2 எண் டவுன் பஸ்கள் நேராகப் பாகாயம் போகும். வெளிமாநிலத்தவர் கூட்டமும் சேர்வதால், ஒரு முழு நாளை ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கட்டணம் உண்டு. பொதுப் பிரிவில் காட்டினால் தனிப் பிரிவைவிடச் செலவு குறையும். வசதியில்லாதவர்கள் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கூச்சப்படாமல் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆரணி சாலையில் இருக்கிறது. ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் பணம் இல்லை. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு மனநலப் பிரிவுக்குப் போகலாம். வருகிற கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைவு. அடுத்த முறை வேறொரு மருத்துவர் பார்க்கலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, என்ன மாத்திரை எத்தனை நாளாக, என்ன தொல்லை. ஐந்து நிமிடத்தில் இருபது நிமிடப் பேச்சு முடியும். தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றுக்கான பரிசோதனைகளும் அதே இடத்தில் நடக்கும். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று உடம்பிலும் கோளாறு உள்ளவர்களுக்கு இது கூடுதல் வசதி.

மூன்றாவது வழியைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கு வந்து பார்க்கிறார், மாத்திரையும் அங்கேயே கிடைக்கிறது. எந்தக் கிழமை என்று உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் சீட்டுக் கொடுக்கும் இடத்திலோ, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டுவைத்துக்கொண்டால் போதும். குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் போய்வர ஒருநாள் தறிக்கூலி போகிறது, கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. சரியாகிவிட்டது என்ற நினைப்போடு இதுவும் சேர்ந்துதான் எங்கள் முதல் முயற்சி பாதியில் நின்றது. மருத்துவரிடத்தில் எந்தக் குறையும் இல்லை.

என் முடிவைச் சொல்கிறேன். நோய் கடுமையாகவோ குழப்பமாகவோ இருந்தால், பாகாயத்திலோ அடுக்கம்பாறையிலோ முதலில் தீர்க்கமாகப் பார்த்துவிடுங்கள். நோய் என்னவென்று தெரிந்து மருந்தும் நிலைபெற்ற பிறகு, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்கே மாறிவிடுங்கள். மாறலாமா என்று முதல் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். லேசான, நடுத்தரமான நிலை என்றால் தொடக்கமே தாலுகா மருத்துவமனையாக இருக்கட்டும். பெரிய இடத்தில் ஒருமுறை காட்டிவிட்டு விடுவதைவிட, சிறிய இடத்தில் ஒன்பது மாதம் தொடர்வது பலமடங்கு மேல்.

தனியார் மனநல மருத்துவர்கள் வேலூரில் இருக்கிறார்கள், மாலை நேரத்தில் பார்ப்பதால் கூலி போகாது, தெரிந்தவர் கண்ணில் படும் பயமும் குறைவு. கட்டணமும் மருந்தும் மாதாமாதம் கைக்காசு. ஒன்பது மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஒரு மாதத்துக்குப் போடாதீர்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்களும், கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இ.சி.எச்.எஸ். அட்டை வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களும் அந்த அட்டை மனநலத்துக்கும் செல்லும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: உடல்நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது.

போன் எடுத்துப் பேசுவது

வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாதவர்களுக்கு 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் இது. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். இதனால் முழுச் சிகிச்சையும் முடிந்துவிடாது. ஆனால் எங்கே போவது, இப்போதே போக வேண்டுமா, நாளைக்குப் போனால் போதுமா என்று தெரியாமல் நடுராத்திரியில் தவிக்கும் குடும்பத்துக்கு இதைவிட அருகில் வேறு எதுவும் இல்லை. நோயாளி பேச மறுத்தால் உடனிருப்பவர் பேசலாம். காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரிவிக்கத் தயங்கும் நாட்களில் முதல் அடியாக இதை எடுத்து வைக்கலாம்.

மாத்திரையா, பேச்சா

"மாத்திரை வேண்டாம், கவுன்சலிங் மட்டும் போதும்" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். "சும்மா பேசுவதற்கு எதற்குக் காசு, மாத்திரை கொடுங்கள்" என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் பாதி சரி.

லேசான நிலையில் முறையான பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். நடுத்தர நிலையில் இரண்டில் எதுவும் வேலை செய்யும், சேர்ந்தால் இன்னும் நல்லது. கடுமையான நிலையில் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. பேச்சு சிகிச்சை என்றால் அறிவுரை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு முறையை விளக்குகிறேன். மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று நோயாளி காத்திருக்கிறார், வேலை செய்யாததால் மனம் மேலும் சோர்கிறது. அந்தச் சுற்றை வேலையின் பக்கமிருந்து அறுப்பதுதான் அந்த முறை. கோவாவில் மனநல மருத்துவர்களாக இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்து நல்ல பலன் கண்டார்கள். அந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது அக்காவின் வேலை. அவளிடம் மருத்துவர் கேட்டது "உங்களால் ஒரு நாளைக்கு எத்தனை தார் சுற்ற முடியும்?" என்றுதான். முன்பெல்லாம் கணக்கில்லாமல் சுற்றியவள், யோசித்து "பத்து" என்றாள். பத்தோடு நிறுத்தச் சொன்னார், ஆனால் தினமும் பத்து. அடுத்த வாரம் பதினைந்து. தார் சுற்றும் ராட்டைச் சத்தம் மறுபடியும் கேட்ட அன்று மாமா தறியிலிருந்து எழுந்துவந்து வாசலில் நின்றுகொண்டார்.

பேச்சு சிகிச்சைக்கு யாரிடம் போகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேல்படிப்பும் படித்தவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். "கவுன்சலர்" என்று பலகை மாட்டுவதற்கு அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே படிப்பையும் பதிவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மாத்திரையைப் பற்றி நாங்கள் தெரியாமல் தவறிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை போட்ட மறுநாள் வேலை செய்பவை அல்ல. இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். முழுப் பலனுக்கு இன்னும் சில வாரமாகும். ஆனால் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வரலாம். பலன் தெரிவதற்கு முன்னால் தொல்லை தெரிவதால், "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறோம். பெரும்பாலும் அந்தத் தொல்லைகள் சில நாளில் அடங்கிவிடும். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. அதை வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவர் மருந்தை மாற்றித் தர முடியும். இவை தூக்க மாத்திரையைப் போல அடிமையாக்குவதில்லை. ஆயினும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். முகம் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும் என்கிறார்கள். ஐந்தாவது வாரத்தில் நிறுத்திய நாங்கள், பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்தவர்கள்.

தாய்ப்பால் கொடுப்பதால் மாத்திரையே கூடாது என்று அத்தை, அதாவது அக்காவின் மாமியார், சொன்னார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது தரக்கூடிய மருந்துகள் உண்டு. செர்ட்ரலின் அப்படி அதிகம் பயன்படும் ஒன்று. குழந்தை கைக்குழந்தை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களை முதல் சில வாரங்கள் அருகிலிருந்து கவனிக்க வேண்டும், சிலருக்கு அந்தக் காலத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம். இன்னொன்றும் மறக்காமல் சொல்ல வேண்டும்: முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கைக்காசையெல்லாம் வாரி இறைத்த நாட்கள் இருந்தனவா? அப்படி இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நோய் அந்த அளவு மீறிய உற்சாகத்தின் பக்கம் திரும்பிவிடலாம்.

"ஷாக் வைத்துவிடுவார்கள்" என்ற பயத்தில் வராதவர்களுக்கும் ஒரு சொல். சாப்பாட்டையே மறுத்துவிட்ட, உயிருக்கு ஆபத்தான கடும் நிலையில்தான் பெரும்பாலும் மின்சிகிச்சையை யோசிக்கிறார்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைத் தருவதை 2017 சட்டம் தடை செய்திருக்கிறது. மருந்தால் எழாத சிலரை அது எழுப்பி உட்கார வைத்திருக்கிறது.

இரண்டாவது சறுக்கலுக்குப் பிறகு அக்காவை வேலூருக்கு இழுக்கவில்லை. குடியாத்தத்திலேயே, அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் கிழமையில் காட்டினோம். முதல் இரண்டு முறை மாமா உடன் போனார். மூன்றாவது முறை தறியில் அவசர வேலை இருந்ததால் நான் வேலூரிலிருந்து வந்து அழைத்துப் போனேன். நான்காவது முறை இருவருமே கிளம்ப முடியாமல் போனபோது, "நான் போகிறேன்" என்று அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

சாயங்காலம் போன் செய்து எப்படி இருந்தது என்று அக்காவைக் கேட்டேன். மருத்துவர் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னாராம். பேசி முடித்து வெளியே வரும் நேரத்தில், அதுவரை வாயே திறக்காத அத்தை மருத்துவரின் மேசைப் பக்கம் திரும்பினார்களாம். "ஐயா, அவர் போன பிறகு எனக்கும் இரண்டு வருடமாகத் தூக்கம் இல்லை. நானும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வரட்டுமா?"